கிரானைட் என்று விற்ற கல்லில் கிரானைட் எது? சேலத்துப் பாறையை எடைபோட்டு இனம் காணும் வழி

என் பட்டறையில் கிரானைட் என்று பில் போட்டு விற்ற கல்லில் பாதிக்குப் பாதி கிரானைட் இல்லை. யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் தொழிலில் மார்பிளைத் தவிர, பாலிஷ் ஏறுகிற கெட்டியான கல் எல்லாமே கிரானைட்தான். தர்மபுரிப் பக்கத்துக் கருப்பும் கிரானைட், வரி வரியாக அலையோடும் கல்லும் கிரானைட். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. ஒருநாள் தங்கை மகள் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். "மாமா, கிரானைட் வெளிர் நிறப் பாறைன்னு போட்டிருக்கு. நீங்க கரிக்கட்டை மாதிரி இருக்கறதை எப்படி கிரானைட்னு விக்கிறீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவளும் நானும் பல ஞாயிற்றுக்கிழமைகள் சேலத்தைச் சுற்றிக் கல் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்தவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது வேறு. இது ரோட்டோரத்தில் நின்று, கையில் இருப்பதை வைத்துச் சொல்லும் வழி.

என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பார்களே, அதேதான். ஒரு இரும்பு ஆணி, ஒரு காந்தம், ஒரு எலுமிச்சம்பழம், நைலான் நூல். வீட்டில் ஒரு சமையலறை எலக்ட்ரானிக் தராசு. கல் உடைக்கச் சுத்தியல் எடுத்துப் போனால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சில்லு தெறித்துக் கண் போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் சுத்தியலை வெளியே எடுக்காதீர்கள். காப்புக்காடு அது. விழுந்து கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும்.

இரண்டே கேள்வி

பூமிக்குள் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. அதில் எத்தனையோ பெயர்கள் இருந்தாலும், கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். எங்கே ஆறியது? எதனால் ஆனது?

முதல் கேள்விக்கு லென்ஸ் பதில் சொல்லும். பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாகைப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் விட்டால்தான் கட்டி கட்டியாகப் பட்டை தீட்டின மாதிரி கற்கண்டு விளையும். அதே பதநீரைக் கருப்பட்டிப் பதத்துக்குக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் சீக்கிரமே இறுகி, பொடிப்பொடியான மணியாக நின்றுவிடும். சரக்கு ஒன்றுதான், ஆறின வேகம்தான் வேறு. பாறைக்கும் அப்படித்தான். பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் பாறை போர்வை மாதிரி மூடியிருக்க, லட்சக்கணக்கான வருஷம் மெதுவாக ஆறினால் மணி பெரிதாக வளரும். கிரானைட், டயோரைட், காப்ரோ எல்லாம் அந்த ரகம். எரிமலையில் வெளியே வழிந்து காற்றில் ஆறினால் மணி கண்ணுக்கே தெரியாது. ரயோலைட், ஆண்டசைட், பசால்ட் இந்த வகை. இரண்டுக்கும் நடுவே, வெடிப்புக்குள் ஏறிச் சுவர் மாதிரி நின்று ஆறினால் மணி நடுத்தரமாக இருக்கும். அதுதான் டோலரைட்.

கடலை உருண்டைக்கு வெல்லப்பாகு பதம் பார்க்கும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விடுவோம். டக்கென்று இறுகி, கண்ணாடி மாதிரி உடையும். மணி கட்டவே அதற்கு நேரமில்லை. எரிமலைக் கண்ணாடி எனப்படும் ஆப்சிடியனின் கதை அதுதான். சோடா மூடியைத் திறந்த மாதிரி வாயு பொங்கும்போதே உறைந்தால் ப்யூமிஸ், குதிகால் தேய்க்கும் அந்த நுரைக்கல். திருப்பூரில் ஜீன்ஸை வெளுக்க இயந்திரத்தில் போட்டுச் சுற்றுவதும் அதைத்தான். உள்ளே எல்லாம் ஓட்டை என்பதால் தண்ணீரில் மிதக்கும். இவை இரண்டும் நம் ஊரில் கிடைக்காது. எரிமலை கக்கின கல் எதுவும் சேலத்தில் கையில் கிடைக்கும்படி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பசால்ட் பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிரா போக வேண்டும். எல்லோராக் குகைகள் குடைந்தது அந்தக் கல்லில்தான். ரயோலைட்டுக்கு ஜோத்பூர். அங்கே கோட்டையே அதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி, எதனால் ஆனது என்பது. இதில் முக்கியமான சரக்கு சிலிக்கா, ஆற்று மணலில் பெரும்பங்கு இருப்பது. கிரானைட்டிலும் ரயோலைட்டிலும் நூற்றுக்கு 70 பங்கு அளவில் இருக்கும். டயோரைட், ஆண்டசைட் 60 பக்கம். காப்ரோ, டோலரைட், பசால்ட் 50 பக்கம். பின்னால் வரப்போகும் டுனைட் மாதிரிக் கல்லில் 40 பக்கம். சிலிக்கா குறையக் குறைய இரும்பும் மக்னீசியமும் கூடும். கல் கனக்கும், பெரும்பாலும் கருக்கும். குழம்பாக இருக்கும்போதே குணம் மாறும். சிலிக்கா மிகுந்த குழம்பு ராகிக் களி மாதிரி, கிண்டினாலும் அசையாது. உள்ளே மாட்டிய வாயு வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். பசால்ட் குழம்பு 1,100, 1,200 டிகிரிச் சூட்டில் கம்பங்கூழ் மாதிரி ஓடும்.

"பெரும்பாலும் கருக்கும்" என்றேன் அல்லவா, நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். நிறத்தை மட்டும் நம்பிக் கல்லுக்குப் பெயர் வைக்காதீர்கள். ஆப்சிடியன் மை மாதிரிக் கருப்பு, ஆனால் பெரும்பாலும் சிலிக்கா மிகுந்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கும் அனார்த்தசைட் வெள்ளை வெளேரென்று இருக்கும், ஆனால் உறவு காப்ரோவோடு. சுமார் 250 கோடி வருஷத்துக் கல் அது. நிலவின் மேட்டு நிலமும் இதே வகைப் பாறை என்பதால், சந்திரயான்-2 ஊர்தியை ஓட்டிப் பார்க்க இந்த ஊர்க் கல்லை இஸ்ரோ வாங்கிப் பொடித்து நிலவு மண் செய்தது. நம் சேர்வராயன் மலையின் கல்லும் இப்படி நிறத்தில் பொய் சொல்லும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எடை போடுவது எப்படி

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். கையளவு கல், முட்டையை விடக் கொஞ்சம் பெரிதாக, வெயிலும் மழையும் பட்டு உளுத்த தோல் இல்லாததாகப் பாருங்கள். கழுவிக் காயவைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பாத்திரத்தில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்ஜியம் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது, நூலைக் கையில் பிடித்தபடியே இருங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண், கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

நாங்கள் போட்ட கணக்கு இது. சங்ககிரியில் எடுத்த இளஞ்சிவப்புக் கல் 405 கிராம், தண்ணீரில் 154. வகுத்தால் 2.63. என் பட்டறைக் கருப்புத் துண்டு 548, தண்ணீரில் 182. வகுத்தால் 3.01. கிரானைட் 2.6 முதல் 2.7 வரை வரும். டயோரைட் 2.8ஐ ஒட்டி நிற்கும், டோலரைட்டும் காப்ரோவும் 3ஐ ஒட்டி. கெடாத டுனைட் 3.3 வரை போகும். மணியும் நடுத்தரம்தான். ஆக, நான் இத்தனை நாள் விற்ற கருப்பு டோலரைட். மருமகள் கேட்டது சரிதான்.

சொல்லப்போனால் என் லோடுமேன்களுக்கு இது எப்போதோ தெரியும். 20 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர அடி கிரானைட் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே அளவு கருப்பு ஐந்தரைக் கிலோ. நாற்பது சதுர அடி ஸ்லாபை நான்கு பேர் தூக்கும்போது அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். கருப்பு வண்டி வந்தால் டீக்காசு கூடக் கேட்பார்கள். நான்தான் ஏன் என்று யோசிக்கவில்லை.

சங்ககிரியில் கிரானைட்

உண்மையான கிரானைட்டைப் பார்க்க முதலில் சங்ககிரி போங்கள். கோட்டைப் படியில் ஏறும்போது லென்ஸை எடுத்துப் பாருங்கள். மூன்று சரக்கு தனித்தனியாகத் தெரிய வேண்டும். கண்ணாடித் துண்டு மாதிரி, எந்தப் பக்கமும் ஒழுங்காகப் பிளக்காத சாம்பல் மணி குவார்ட்ஸ், நம் வெங்கச்சங்கல். வெயிலில் திருப்பினால் சட்டென்று ஒரு தட்டைப் பக்கம் மின்னுகிற சிவப்பு அல்லது வெள்ளை மணி ஃபெல்ட்ஸ்பார். ஏடு ஏடாக உரியும் கருப்புப் பொட்டு மைக்கா, நாம் காக்காப்பொன் என்போம். ஆணியால் கீறினால் குவார்ட்ஸில் கோடு விழாது. ஆணியின் இரும்புதான் தேய்ந்து கல்லில் ஒட்டும்.

இந்தப் பக்கத்துப் பாறையில் சில இடங்களில் மணிகள் விரல் நீளத்துக்கும் மேலே வளர்ந்திருக்கும். பெக்மடைட் என்று பெயர். கடைசியாக மிஞ்சிய குழம்பில் நீர் அதிகம் சேர்ந்திருந்ததால் அப்படி விளைந்தது. அதைப் பார்த்து இன்னும் மெதுவாக ஆறியது என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கற்கண்டுக் கணக்கு இந்த ஒரு இடத்தில் செல்லாது.

குவார்ட்ஸ் சூடு தாங்காது. அதாவது உருகாது, ஆனால் வீங்கும். 573 டிகிரியில் அதன் உள் அடுக்கே மாறிச் சட்டென்று பெருக்கும். அப்பா காலத்தில் பாறை மேல் விறகை எரித்து, தட்டிப் பார்த்து, ஓசை மாறியதும் ஏடு ஏடாகப் பெயர்ப்பார்கள். வெடி வாங்கக் காசில்லாதவன் வழி அது. இப்போது வாசல் படிக்கு வழுக்காத கல் கேட்டால் நாங்கள் தீ ஜுவாலை காட்டிச் சொரசொரப்பாக்கித் தருவதும் அதே வித்தைதான். கிரானைட்டில் மேல்மணி பொரிந்து அழகாக வரும். குவார்ட்ஸ் அவ்வளவாக இல்லாத கருப்பில் அந்த அளவுக்கு வராது. வாடிக்கையாளர் கருப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் உளி போட்டுக் கொத்திக் கொடுப்போம்.

கருப்புக் கல்லில் ஒரு எச்சரிக்கை

டோலரைட்டின் பெருமை அதன் நடுத்தர மணி. குச்சி குச்சியான வெளிர் ஃபெல்ட்ஸ்பாரும் பைராக்சின் என்ற கருப்புக் கனிமமும் பின்னிக் கிடப்பதால் கெட்டி, கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏறும். வெளிநாட்டில் கல்லறைக் கல்லுக்கு இதை விரும்பி வாங்குவது அதனால்தான். பல துண்டுகளில் காந்தம் லேசாக இழுக்கும், உள்ளே மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதால்.

ஒரு தடவை வெளியூர் யார்டு ஒன்றிலிருந்து மலிவு விலைக்கு ஒரு லோடு கருப்பு வாங்கினேன். கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு வீட்டில் சமையல் மேடை போட்டுக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் அந்த அம்மா பட்டறைக்கு வந்து, "தம்பி, உங்க கல்லு நரைச்சுப் போச்சு" என்றார். போய்ப் பார்த்தால் பாத்திரம் கழுவும் இடமெல்லாம் சாம்பல். சாதாரணச் சாம்பல் கல்லுக்குச் சாயமும் எண்ணெயும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். மேடையைப் பெயர்த்து என் காசில் மாற்றினேன். அன்றிலிருந்து ஸ்லாப் இறக்கும்போதே வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து ஒரு மூலையில் துடைப்பேன். துணி கருத்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நீங்களும் வாங்கும்போது கேட்டுத் துடைத்துப் பாருங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

வெள்ளைக்கல் கரடு

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் ரயில் பாதையில் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு நிலையம் உண்டு. அந்தப் பக்கத்துக் கரடுகள் தூரத்திலிருந்தே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். வெள்ளைக்காரன் பார்த்துவிட்டு சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தான். ஆனால் அங்கே சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எலுமிச்சை பிழிந்து பாருங்கள், பொங்காது. ஓடைக்கரைச் சுக்கான்கல்லில் பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். அவ்வளவுதான் சோதனை.

இந்த வெள்ளைக்கல் தீப்பாறை இல்லை, ஒரு தீப்பாறை கெட்டுப்போய் உண்டானது. மூலக்கல் டுனைட். கிட்டத்தட்ட முழுக்கவே ஆலிவின் என்ற பச்சைக் கனிமம், சிலிக்கா குறைவு, மக்னீசியம் ஏராளம். இதன் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி இறங்கி, மக்னீசியத்தைப் பிரித்து மேக்னசைட் என்ற வெள்ளை ரேகையாக வலைப்பின்னல் போட்டுவிட்டது. அந்த மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா 2,800 டிகிரி வரை உருகாது. உருக்காலை உலைக்குள் செங்கல்லாக அடுக்குவது இதனால்தான்.

மேக்னசைட் வெட்டிய குழிகளுக்குள் இறங்காதீர்கள். கரை சரியும், அனுமதியும் கிடையாது. ரோட்டோரக் குவியலிலேயே டுனைட் துண்டு கிடைக்கும். வெளித்தோல் பழுப்பு, உடைத்த பக்கம் பாசிப்பச்சை. சில இடங்களில் சோப்பு மாதிரி வழவழப்பாகி, ஆணி சுலபமாகக் கோடு போடும். அது செர்பென்டைன் என்ற மெத்தென்ற கனிமமாக மாறிய பகுதி. எங்கள் துண்டு 366 கிராம், தண்ணீரில் 117. வகுத்தால் 3.13. 3.3 வராததற்குக் காரணம் ஒரு பங்கு அப்படி மாறிவிட்டதுதான். இந்த ஊர்ப் பச்சைக்கல் பாலிஷுக்கு ஆகுமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம், உளுத்துவிடும்.

ஏற்காடு ஏறும்போது

அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் பாதைக்காக வெட்டிய பாறையைக் கவனித்துக்கொண்டே போங்கள். பெரிய பெரிய உருண்டைகள், வெங்காயத் தோல் மாதிரி பழுப்பாக உரிந்துகொண்டிருக்கும். உள்ளே புதுசாக உடைந்த பக்கம் எண்ணெய் தடவின மாதிரி, பச்சையும் நீலமும் கலந்த கருஞ்சாம்பல். குவார்ட்ஸ் கூட லேசாக நீலம் பூத்திருக்கும். இதுதான் சார்னோக்கைட். சேர்வராயன் மலையே பெரும்பாலும் இந்தக் கல்தான்.

நாங்கள் வளைவில் வண்டியை ஓரங்கட்டி லென்ஸை எடுப்பதற்குள் ஒரு குரங்கு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கடித்துப் பார்த்துத் துப்பியது. நல்லவேளை, இந்தக் கல்லுக்கு எலுமிச்சை தேவைப்படாது.

நிறத்தைப் பார்த்து மருமகள் "காப்ரோ" என்றாள். நானும் தலையாட்டினேன். வீட்டில் எடை போட்டால் 621 கிராம், தண்ணீரில் 229. அடர்த்தி 2.71. தோற்றம் கருப்பு, கனம் கிரானைட். லென்ஸில் மறுபடி பார்த்தபோது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறையத் தெரிந்தன. காக்காப்பொன்தான் இல்லை. அதற்குப் பதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சின். நீர் அதிகம் இல்லாத வறண்ட, மிகச் சூடான ஆழத்தில் உருவான கல் என்பதற்கு அதுதான் அடையாளம். கொஞ்சம் நீர் இருந்திருந்தால் மைக்கா வந்திருக்கும். எல்லா சார்னோக்கைட்டும் 2.71 வராது. மலையில் கனமான ரகமும் உண்டு, 2.8 வந்தால் பயப்பட வேண்டாம்.

பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தக் கல்லுக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். கல் போனது சென்னைப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்திலிருந்து. ஆக, நம் தமிழ்நாட்டுக் கருங்கல்லுக்கு வங்காளக் கல்லறையில் பெயர்சூட்டு விழா.

உச்சியில் சேர்வராயன் கோயில் பக்கம் போனால் கல்லே காணாமல் போய், செம்மண்ணும் பொரிப்பொரியான செங்கல் நிறக் கட்டியும் இருக்கும். அது பாக்சைட். இதே சார்னோக்கைட்டைக் கோடிக்கணக்கான மழை கழுவி, சிலிக்காவை எடுத்துக்கொண்டு அலுமினியத்தையும் இரும்பையும் விட்டுவைத்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து போனது அதுதான்.

வரி ஓடினால் நிறுத்துங்கள்

சேலத்தில் கையில் எடுக்கும் கல்லில் பெரும்பகுதி நைஸ். கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரி ஓடும், அலை மடிந்திருக்கும். கிரானைட்டுக்கு உள்ள அத்தனை மணியும் அதில் இருக்கும், எடையும் 2.7தான் காட்டும். ஆனால் அழுத்தத்திலும் சூட்டிலும் நசுங்கி உருமாறிய பாறை அது. கஞ்சமலையின் காந்தக்கல்லும் உருமாறியதே. மணிகள் எந்தப் பக்கமும் வரிசை கட்டாமல் கலைந்து கிடந்தால் தீப்பாறை, வரிசை கட்டினால் சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மி கொத்துகிறவர். உளியை எடுக்குமுன் கல்லைத் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்பார். வெண்கல மணி மாதிரி ஒலித்தால் ஆண்கல், தாளம் மாதிரி என்றால் பெண்கல், ஓசையே வராவிட்டால் அலிக்கல், தொடமாட்டார். தீப்பாறை, உருமாறிய பாறை என்ற கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்பதைத்தான் அந்த ஓசை சொல்லும். மணி பெரிதான சங்ககிரிக் கல்லில் அம்மி செய்யமாட்டார், சட்னியில் மணல் நெறிபடும் என்பார். பொடிமணிக் கல்லாகத் தேடுவார்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கல்லிலும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் எண் எழுதுங்கள். நோட்டில் எண், எடுத்த இடம், மணியின் அளவு, அடர்த்தி, காந்தம் இழுத்ததா, ஆணி கீறியதா என்று எழுதினால் போதும். பெயர் கடைசிக் கட்டத்தில் வரட்டும். சார்னோக்கைட்டுக்கு வந்ததும் மருமகள் பேனாவை நிறுத்தினாள். "மாமா, இது தீப்பாறையா, உருமாறிய பாறையா?" சில இடங்களில் குழம்பாகவே ஆறியது, சில இடங்களில் நைஸ் சூட்டில் வறண்டு சார்னோக்கைட் ஆனது. இரண்டு கட்சிக்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேலாக வாதாடுகிறார்கள். அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலில் நிரப்பச் சொன்னேன்.